ஒரு புள்ளி வழியாக ஒரு நேர்கோடு

கார்வெல் ஹெரன்ஸ் பேஸ்பால் அணி தரவுத் துறை தொடங்கிய ஆண்டில், மற்ற இருபத்தொன்பது அணிகளின் தரவுத் துறைகளில் முதல் தலைமுறை ஆட்கள் ஓய்வு பெறத் தொடங்கியிருந்தார்கள்.

திறப்பு விழா ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, மைதானத்தின் அடித்தளத்தில் நடந்தது. துறைக்கு ஒதுக்கிய அறை அதுவரை அணியின் சின்னமான நாரை வேடத்தின் உடைகளை வைக்கும் கிடங்காக இருந்தது. உடைகளை வெளியே எடுத்துவிட்டார்கள். உபரியாக இருந்த ஒரு நாரைத் தலை மட்டும் கதவு வழியாக வர மறுத்தது. அது எப்படி உள்ளே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. எனவே தலை உள்ளேயே இருந்தது.

உரிமையாளர் நாடாவை வெட்டினார். அவருடைய தாத்தா தொத்திறைச்சி விற்று வாங்கிய அணி அது. அணியின் பாதிரியார் கணினியின் மேல் கை வைத்து ஜெபித்தார். பிறகு நிர்வாகத் தலைவர் ப்ரெண்ட் ஹாஸ்கெல் பேசினார்.

“நாம கடைசியா வந்தோம்னு பத்திரிகைல எழுதுறாங்க. நாம கடைசியா வரல. மத்தவங்க அவசரப்பட்டுட்டாங்க. அந்த இருபத்தொன்பது அணியும் இருபது வருஷமா என்னென்ன தப்புப் பண்ணாங்களோ, அதையெல்லாம் நாம ஒரே சீசன்ல பண்ணி முடிப்போம்.”

எல்லோரும் கைதட்டினார்கள். மார்னி குடெக்கும் தட்டினாள். தரவுத் துறை என்பது அவள் ஒருத்திதான். தான் தட்டலாமா என்று அவளுக்குச் சற்று சந்தேகம் இருந்தது.

மார்னிக்கு முப்பத்தாறு வயது. அதற்குமுன் நகரத்தின் குடிநீர் வாரியத்தில் பதினொரு ஆண்டுகள் வேலை செய்தாள். எந்தக் குழாய் எப்போது வெடிக்கும் என்று கணக்கிட்டுச் சொல்வது அவள் வேலை. மில் தெருக் குழாய் மூன்று நாளில் வெடிக்கும் என்று எழுதிக் கொடுத்தாள். யாரும் தோண்டவில்லை. மூன்றாம் நாள் வெடித்து, ஒரு பல் மருத்துவமனையும் இரண்டு கார்களும் மூழ்கின. செய்தித்தாளில் அவள் படம் வந்தது. அதைப் பார்த்துத்தான் ஹாஸ்கெல் கூப்பிட்டனுப்பினார்.

“பேஸ்பால் விளையாடியிருக்கியா?”

“இல்லை.”

“பாப்பியா?”

“அப்பா பாப்பார். நான் பக்கத்துல உக்காந்து படிச்சிட்டிருப்பேன்.”

“நல்லது. அப்ப உனக்குன்னு கருத்து எதுவும் இருக்காது.” செய்தித்தாளை மேசையில் விரித்து, அவள் படத்தின் மேல் விரலை வைத்தார். “நீ சரியாச் சொன்னே. அவங்க கேக்கல. அதான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது.”

எது பிடித்தது என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதிகம் கேள்வி கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

முதல் வாரம் பதினான்கு பக்க அறிக்கை ஒன்று எழுதினாள். அணியின் பந்துவீச்சாளர்கள் பன்னிரண்டு பேர். பந்து ஒவ்வொருவர் கையையும் எந்த உயரத்தில் விட்டுப் போகிறது, எவ்வளவு வேகத்தில், எவ்வளவு சுழற்சியோடு என்பதெல்லாம் அதில் இருந்தது. மைதானத்தின் கேமராக்கள் இவற்றை ஐந்து வருடமாகப் பதிவு செய்துகொண்டிருந்தன. யாரும் அந்தப் பதிவுகளைத் திறந்ததில்லை. கடவுச்சொல் தெரிந்தவர் இறந்துபோயிருந்தார். மார்னி கேமரா நிறுவனத்துக்கு எழுதிப் புதிது வாங்கினாள்.

அறிக்கையைப் பற்றிப் பேச ஆறு துணைத் தலைவர்கள் கூடினார்கள்.

“பதினாலு பக்கம் நீளம்,” என்றார் ஒருவர். மறுநாள் ஒரு பக்கமாகக் கொண்டுவந்தாள். “ஒரு பக்கம் நிறைய எழுத்து,” என்றார் இன்னொருவர். ஒரு வரியாக்கினாள். அந்த வரியை உரக்கப் படித்துப் பார்த்தார்கள். நடுவில் ஒரு எண் வந்தது. படித்தவர் அந்த இடத்தில் நின்று தண்ணீர் குடித்தார்.

“நிறமா சொல்ல முடியுமா?” என்றார் ஹாஸ்கெல். “எல்லாம் நல்லா இருந்தா பச்சை. இல்லேன்னா சிவப்பு.”

அன்று எல்லாக் கைகளும் நன்றாகத்தான் இருந்தன. மார்னி பச்சை நிறத்தில் ஒரு தாள் அச்சிட்டாள். ஹாஸ்கெல் அதை லேமினேட் செய்யச் சொல்லி, வீரர்கள் மைதானத்துக்கு ஏறிப்போகும் படிக்கட்டுச் சுவரில் ஒட்டவைத்தார். தரவுத் துறையின் முதல் அறிக்கை அதுதான். அந்தச் சுவரில் ஏறிய கடைசி அறிக்கையும் அதுதான் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

களத்தில் அணியை நடத்துபவர் ரஸ் டில்பெக். எல்லோருக்கும் அவர் ஸ்கிப். அறுபத்து மூன்று வயது. அவருக்கு ஒரு டேப்லெட் கொடுத்து, ஆட்டத்தின்போது வீரர்கள் உட்காரும் டக்அவுட்டில் கையில் வைத்திருக்க வேண்டும் என்று ஹாஸ்கெல் உத்தரவு போட்டார். தொலைக்காட்சியில் தெரியும். ஸ்கிப் மறுப்பு சொல்லாமல் வாங்கிக்கொண்டு, சூரியகாந்தி விதைகளைக் கடித்து அதன்மேல் தோலைத் துப்பினார்.

“நல்ல சாமான்மா இது,” என்று மார்னியிடம் சொன்னார். “வழுக்கலா இருக்கு. தட்டினா எல்லாம் விழுந்துடுது.”

வீரர்களில் ஒரே ஒருவன்தான் மார்னியின் அறைக்கு வந்தான். யோர்கிஸ் அல்மான்சார், இருபத்து மூன்று வயதுப் பந்துவீச்சாளன், டொமினிக்கன் நாட்டில் பானி என்ற ஊர்க்காரன். முதலில் குளிர்ச்சிக்காக வந்தான். அடித்தளத்தில் ஏசி அதிகம். மார்னி எந்நேரமும் பழுப்புக் கம்பளிச் சட்டை போட்டிருப்பாள். பிறகு திரையில் ஓடிய கோடுகளைப் பார்த்தான். அவை தன் கைதான் என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“இந்தப் புள்ளி ஒவ்வொண்ணும் நான் போட்ட பந்தா, டோக்டோரா?”

“நான் டாக்டர் இல்லை.”

“எங்க ஊர்ல படிச்ச பொம்பளைங்களை அப்படித்தான் கூப்பிடுவோம். கோவிச்சுக்காதீங்க.” திரையைத் தொட்டான். “எனக்கு வேற ஒண்ணும் தெரியாது டோக்டோரா. பன்னெண்டு வயசுல ஒரு ஏஜென்ட் வந்து கையைத் தடவிப் பாத்தான். அன்னையிலருந்து இதான். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. விழுந்து கைய ஒடிச்சுக்குவேன்னு விடமாட்டாங்க. பசங்கள்லாம் ஓட்டுவாங்க. நான் நின்னு பாப்பேன்.”

“இப்ப ஓட்டலாமே.”

“ஒப்பந்தத்துல இருக்கு, கூடாதுன்னு.” சிரித்தான். அப்புறம் சிரிக்காமல் கேட்டான்: “இதுல எதாச்சும் தப்பாத் தெரிஞ்சா எங்கிட்ட சொல்வீங்கல்ல?”

“சொல்றேன்,” என்றாள் மார்னி.

ஜூன் மாதம் இரண்டாம் தேதி அணி ஜெயித்தது. மறுநாளும் ஜெயித்தது. நான்காம் நாளும் ஜெயித்தபோது ஊரே எழுந்து உட்கார்ந்தது. ஹெரன்ஸ் தொடர்ந்து நான்கு ஆட்டம் வென்று பதினொரு வருடம் ஆகியிருந்தது.

பேஸ்பாலில் தொடர் வெற்றி வந்துவிட்டால் எதையும் மாற்றக் கூடாது. வெற்றி தொடங்கிய அன்று போட்ட காலுறையைத் துவைக்கக் கூடாது. அன்று வந்த வழியிலேயே வர வேண்டும். இது எல்லா அணியிலும் உள்ளதுதான். மற்ற அணிகளில் அதை வீரர்கள் மனதில் வைத்திருந்தார்கள். ஹெரன்ஸ் அணியில் இப்போது தரவுத் துறை இருந்தது.

ஐந்தாம் நாள் காலை ஹாஸ்கெல் மூச்சு வாங்க அடித்தளத்துக்கு இறங்கி வந்தார்.

“மார்னி, ஜூன் ரெண்டாம் தேதி என்னென்ன நடந்துதோ எல்லாம் எனக்கு வேணும். யாரு எந்த காலுறை. யாரு என்ன சாப்பிட்டான். யாரு எந்தக் கழிப்பறைல நின்னான். ஒண்ணு விடாம.”

“எதுக்கு?”

“எதுக்கா? இதான்மா டேட்டா!”

இருநூற்றுப் பன்னிரண்டு வரிசைகள் கொண்ட அட்டவணை உருவானது. அதைத் தொகுக்க மூன்று பேரைப் புதிதாக எடுத்தார்கள். துறை நான்கு மடங்கு வளர்ந்தது என்று ஹாஸ்கெல் உரிமையாளருக்கு எழுதினார். பதினான்காம் வரிசை ஸ்கிப்பின் டேப்லெட். ஜூன் இரண்டாம் தேதி அது சார்ஜ் இல்லாமல் அணைந்துபோயிருந்தது. சார்ஜ் போடலாமா என்று மார்னி ஒருமுறை கேட்டாள்.

“போட்டேன்னு வை, உன் விரலை ஒவ்வொண்ணா ஒடிப்பேன்,” என்றார் ஸ்கிப். “அது செத்த அன்னைக்குத்தான் நாங்க பொழச்சோம்.”

ஐம்பத்தேழாம் வரிசை மார்னியின் மதிய உணவு: சூரை மீன் சாண்ட்விச், ஓரம் இரண்டு துண்டு மீதி. புதிதாக வந்த மூவரில் ஒருவன் தினமும் இரண்டு மணிக்கு வந்து மீதித் துண்டுகளை எண்ணினான். ஐம்பத்தெட்டாம் வரிசை பழுப்புக் கம்பளிச் சட்டை. துவைக்கக் கூடாது. ஐம்பத்தொன்பது நாரைத் தலை. அது அன்று வடகிழக்கைப் பார்த்திருந்தது. தரையில் சாக்பீஸால் கோடு போட்டார்கள்.

“இதுல எது காரணம்னு எப்படித் தெரியும்?” என்று மார்னி கேட்டாள்.

“எல்லாமே காரணம். அதனாலதான் எதையும் விட முடியாது,” என்றார் ஹாஸ்கெல். அவர் கண்கள் கலங்கியிருந்தன. “பன்னெண்டு வருஷமா இந்த அணில இருக்கேன். டேட்டான்னா என்னன்னு இன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது.”

எண்பத்தெட்டாம் வரிசை: ஜூன் இரண்டாம் தேதி மாலை நாலரை மணிக்கு யோர்கிஸும் மார்னியும் படிக்கட்டருகே எதிர்ப்பட்டார்கள். அவன் தலையசைத்தான். அவளும் தலையசைத்தாள். அன்று இருவருக்கும் அவசரம். பேசவில்லை. இனி பேசவும் கூடாது.

நூற்று மூன்றாம் வரிசை பச்சை அட்டை.

யோர்கிஸ் ஐந்து நாளைக்கு ஒருமுறை பந்துவீசுவான். தொடர் வெற்றியின் முதல் ஆட்டம் அவனுடையது. ஆறாவது ஆட்டமும் அவன் வீசி ஜெயித்தான். அன்றிரவே மார்னி பதிவுகளைத் திறந்தாள். பந்து அவன் கையை விடும் இடம் இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தது. வேகம் குறையவில்லை. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. குழாயில் எங்கோ கசிவு இருந்தும் அழுத்தம் குறையவில்லை என்றால், வேறொரு இடம் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். யோர்கிஸுக்கு அந்த இடம் முழங்கையின் உட்பக்கம்.

காலையில் ஒரு சிவப்புத் தாளை அச்சிட்டு எடுத்துக்கொண்டு ஹாஸ்கெலின் அறைக்குப் போனாள்.

“சிவப்பா?”

“ஆமா. யோர்கிஸ். முழங்கைத் தசைநார். நிறுத்திப் பாக்கணும்.”

“நேத்து ஜெயிச்சானா இல்லையா?”

“ஜெயிச்சான்.”

“அப்ப தரவு என்ன சொல்லுது? ஜெயிச்சான்னு சொல்லுது.”

“நான் சொல்றது அவன் கைய—”

“மார்னி, இங்க பாரு. உன் பச்சை அட்டையை நேத்து இருபத்தாறு பேர் தொட்டு முத்தம் குடுத்துட்டுப் போனாங்க. நான் நின்னு எண்ணினேன். இந்தக் கட்டடத்துல இதுவரைக்கும் ஒரு அறிக்கையை யாராச்சும் தொட்டதுண்டா? ஒரு துறைக்கு இதுக்கு மேல என்ன வெற்றி வேணும்?” அவர் சிவப்புத் தாளைக் குப்புறத் திருப்பி வைத்தார். “இதை எழுத்துல குடு. முறைப்படி அனுப்பு. நான் கண்டிப்பா பத்திரமா வச்சுக்கறேன்.”

மார்னி முறைப்படி அனுப்பினாள். அடுத்த நாளும் அனுப்பினாள். பதில் தானாக வந்தது: ‘உங்கள் தரவுக்கு நன்றி. ஒன்றாகப் பறப்போம்.’

அணியின் மருத்துவரிடம் போனாள். அவர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

“வலிக்குதுன்னு அவன் வந்து சொன்னா நான் பாப்பேன்.”

“நீங்களே கூப்பிட்டுப் பாக்கக் கூடாதா?”

“ஜூன் ரெண்டாம் தேதி நான் அவனைக் கூப்பிட்டுப் பாக்கலையேம்மா. நூத்து நாப்பத்தொண்ணாம் வரிசை. உன் துறைதானே எழுதிச்சு?”

அவனிடமே சொல்லியிருக்கலாம். ஆனால் மார்னி முறைப்படி நடந்து பழகியவள். பதினொரு வருடம் குழாய்களைப் பற்றி மேலே எழுதிக் கொடுத்திருக்கிறாள். குழாயிடம் போய்ச் சொன்னதில்லை. தினமும் நாலரை மணிக்குப் படிக்கட்டருகே நின்றாள். அட்டவணைக்காரன் ஒருவன் அட்டையோடும் பேனாவோடும் பக்கத்தில் நிற்பான். யோர்கிஸ் வருவான். அவள் முகத்தை ஒரு கணம் கூர்ந்து பார்ப்பான். தலையசைப்பான். அவளும் தலையசைப்பாள். அவன் முகம் தெளிந்து, பச்சை அட்டையைத் தொட்டுவிட்டு மேலே போவான். பேனாக்காரன் எண்பத்தெட்டில் ஒரு டிக் போடுவான்.

இப்படி ஏழாம் நாள். எட்டாம் நாள். ஒன்பது, பத்து.

பதினோராம் ஆட்டத்துக்கு நாற்பத்தோராயிரம் பேர் வந்திருந்தார்கள். யோர்கிஸ் வீசினான். கை இன்னும் தாழ்ந்திருந்தது. அதனால் பந்து அதுவரை யாரும் பார்த்திராத ஒரு வளைவில் போனது. மட்டையாளர்கள் காற்றை அடித்தார்கள். மூன்று இன்னிங்ஸ் முடிந்தது. எதிரணி ஒரு அடிகூட அடித்து ஓடவில்லை. ஐந்து முடிந்தது. அப்போதும் இல்லை.

ஒன்பது இன்னிங்ஸும் இப்படியே முடிப்பது ஒரு பந்துவீச்சாளனின் வாழ்நாளில் ஒருமுறை வரலாம், வராமலும் போகலாம். அப்படி ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது யாரும் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. வீசுகிறவனோடு பேசக் கூடாது. அவன் அருகில் உட்காரக் கூடாது. தொலைக்காட்சி வர்ணனையாளர்கள்கூட வானிலையைப் பற்றிப் பேசினார்கள். டக்அவுட்டில் யோர்கிஸ் பெஞ்சின் ஒரு கோடியில் தனியாக உட்கார்ந்திருந்தான். இருபத்தைந்து பேர் மறுகோடியில் நெருக்கியடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள். தண்ணீர் கொடுப்பவன் குவளையை நாலடி தள்ளித் தரையில் வைத்துவிட்டு ஓடினான்.

மார்னி அடித்தளத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாவது இன்னிங்ஸில் மூன்று அங்குலம். எட்டில் நாலரை. மில் தெருக் குழாயின் வரைபடம் கடைசி நாளில் இதே சாய்வில்தான் இருந்தது. அவள் எழுந்தாள். எழுந்தபோது நாரைத் தலையில் இடித்துக்கொண்டாள். அது சாக்பீஸ் கோட்டைத் தாண்டித் தெற்கே திரும்பியது. அவள் அதைச் சரிசெய்யவில்லை.

டக்அவுட்டுக்குள் நுழைந்தபோது முதலில் யாருக்கும் புரியவில்லை. பழுப்புக் கம்பளிச் சட்டை பெஞ்சின் நீளத்துக்கு நடந்து, காலியாக இருந்த பகுதிக்குள் போனபோது ஒருவன் முனகினான். இன்னொருவன் சிலுவை போட்டுக்கொண்டான்.

“ஏம்மா! ஏய்!” ஸ்கிப் குரலை உயர்த்தாமல் கத்தினார். “பைத்தியமா உனக்கு? வெளிய வா. அவனைப் பாக்காதே. பாக்காம அப்படியே பின்னாலயே நடந்து வா.”

“ஸ்கிப், அவனை நிறுத்துங்க. இன்னும் பத்துப் பந்துகூடத் தாங்காது.”

“எது தாங்காது? எனக்கு ஒண்ணும் காதுல விழல. டேய், யாருக்காச்சும் ஏதாச்சும் கேக்குதா?”

யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

மார்னி யோர்கிஸ் முன்னால் போய் நின்றாள். அவன் வலக்கையை மடியில் வைத்து, இடக்கையால் முழங்கையைப் பிடித்திருந்தான். அவள் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. பயம் இருந்தது. அது அவளைக் கண்டு வந்த பயம்.

“யோர்கிஸ். உன் கை—”

அவன் துண்டை எடுத்துத் தலைமேல் போட்டு முகத்தை மூடிக்கொண்டான். “போங்க டோக்டோரா,” என்றது துண்டு. “தயவுசெஞ்சு. பேசாதீங்க. போயிடுங்க.”

இரண்டு பேர் அவள் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். மென்மையாகத்தான் கொண்டுபோனார்கள். கம்பளிச் சட்டைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது.

ஒன்பதாவது இன்னிங்ஸின் நான்காம் பந்து அவன் கையை விட்டு இருபது அடி போய் விழுந்து, உருண்டு, நின்றது. சத்தம் கேட்டதாக முதல் வரிசைக்காரர்கள் பின்னர் சொன்னார்கள். யோர்கிஸ் முழங்காலிட்டு உட்கார்ந்தான். வலக்கை தன்னுடையது இல்லை என்பதுபோல அதைப் பார்த்தான். மைதானம் முழுவதும் அடங்கிப்போனது. நாரை வேடம் போட்டவன் மட்டும் மூன்றாம் முனையருகே ஆடிக்கொண்டிருந்தான். அந்தத் தலைக்குள் வெளியே நடப்பது எதுவும் கேட்காது.

அவனுக்குப் பதிலாக வந்தவன் முதல் பந்திலேயே அடி வாங்கினான். அணி தோற்றது.

மறுநாள் ஹாஸ்கெல் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். கையில் மார்னியின் சிவப்புத் தாள் இருந்தது. அதையும் லேமினேட் செய்திருந்தார்.

“இந்தத் தேதியைப் பாருங்க. அஞ்சு நாளைக்கு முன்னாடி! எங்க துறை கண்டுபிடிச்சிடுச்சு. முழங்கைன்னு எழுதியிருக்கு பாருங்க, இங்க. எத்தனை அணியால இதைச் சொல்ல முடியும்? எங்களைக் கடைசின்னு சொன்னவங்க இப்ப என்ன சொல்றாங்க?”

“முன்னாடியே தெரியும்னா ஏன் வீச விட்டீங்க?” என்று ஒரு நிருபர் கேட்டார்.

ஹாஸ்கெல் பொறுமையாகச் சிரித்தார். “கண்டுபிடிக்கறது ஒரு துறை. நிறுத்தறது வேற துறை. அதை அடுத்த வருஷம் ஆரம்பிக்கிறோம்.”

அடுத்த வாரம் உள் விசாரணை நடந்தது. தொடர் வெற்றி ஏன் முடிந்தது என்பதுதான் விசாரணையின் பொருள். கையைப் பற்றி விசாரிக்க எதுவும் இல்லை, அதுதான் முன்பே தெரியுமே. அட்டவணைக்கார மூவரும் இருநூற்றுப் பன்னிரண்டு வரிசைகளையும் சோதித்தார்கள். பதினோராம் நாள் காலுறைகள் சரியாக இருந்தன. டேப்லெட் அணைந்திருந்தது. ஓரத் துண்டுகள் இரண்டு. நாலரை மணிக்குத் தலையசைப்பு நடந்திருந்தது. மாறியது இரண்டே இரண்டுதான். நாரைத் தலை தெற்கே பார்த்தது. மார்னி பேசினாள்.

முடிவுகளை ஹாஸ்கெல் ஒட்டுமொத்த அணியின் முன்னிலையில் திரையில் காட்டினார். மார்னி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

“மார்னி பந்துவீச்சாளனோட பேசின ஆட்டங்கள்: ஒண்ணு. அதுல தோல்வி: ஒண்ணு. காயம்: ஒண்ணு.” அவர் இடைவெளி விட்டார். “நூறு சதவீதம். நண்பர்களே, இருபத்தொன்பது அணியும் இருபது வருஷமா டேட்டா பாக்குது. ஒருத்தனாவது நூறு சதவீதம் கண்டுபிடிச்சானா?”

திரையில் ஒரு வரைபடம் வந்தது. கிடைக்கோடு மார்னியின் பேச்சு. செங்குத்துக்கோடு சேதம். நடுவில் ஒரே ஒரு புள்ளி. அதன் வழியாக ஒரு நேர்கோடு மேல்நோக்கிப் போனது. ஒரு புள்ளி வழியாக எத்தனை கோடுகள் வேண்டுமானாலும் போடலாம் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். ஆனால் அறையில் இருந்தவர்கள் அசையாமல் பார்த்தார்கள். ஸ்கிப் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். “எனக்கே புரியுதுய்யா,” என்றார் பக்கத்திலிருந்தவரிடம். தரவுத் துறையின் அறிக்கையை அணியில் அனைவரும் படித்தது அதுவே முதல் முறை. பிரதி கேட்டு வரிசையில் நின்றார்கள்.

நாரைத் தலையின் மேல் நடவடிக்கை எடுக்க முடியவில்லை. அது கதவு வழியாக வராது. மார்னி வந்துவிடுவாள்.

அந்தக் குளிர்காலத்தில் லீக்கின் மாநாட்டில் ஹெரன்ஸ் அணிக்குத் தரவுப் பண்பாட்டில் மிக வேகமாக முன்னேறிய அணி என்று கேடயம் கொடுத்தார்கள். ஹாஸ்கெல் ஏற்புரையில் மார்னியின் பெயரைச் சொல்லி நன்றி கூறினார். பெயரைத் தவறாக உச்சரித்தார். ஆனால் அது பிற்பாடு.

வேலையை விட்டுப் போகும் நாளில் மார்னி சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். கம்பளிச் சட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சான்றுப் பொருள். குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றபோது கதவருகே யோர்கிஸ் வந்தான். வலக்கை விரல் நுனியிலிருந்து தோள்வரை உறைக்குள் இருந்தது. பந்துவீச்சைப் பற்றி மருத்துவர்கள் எதுவும் பேசவில்லை. ஸ்பூன் பிடிப்பதைப் பற்றிப் பேசியிருந்தார்கள்.

“சைக்கிள் கத்துக்கப் போறேன் டோக்டோரா,” என்றான். “இனிமே விழலாம். ஒருத்தரும் திட்ட மாட்டாங்க.”

மார்னி சிரிக்க முயன்றாள். வரவில்லை.

“உங்களைத் திட்ட வரல. சும்மா கேக்கத்தான் வந்தேன்.” அவன் நாற்காலியில் உட்காரவில்லை. “தினமும் தலையாட்டினீங்களே.”

ஏசி உறுமிக்கொண்டிருந்தது.

அவன் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை இடக்கையால் உருவினான். ஒரு கையால் பிரிக்க முடியவில்லை. மேசைமேல் வைத்து, உறை போட்ட கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பிரித்தான். அவள் உதவவில்லை. எங்கே உதவ வேண்டும் என்று தெரியவில்லை.

ஹாஸ்கெலின் வரைபடம்.

“எல்லாரும் புரியுதுன்னாங்க. எனக்கு முழுசாப் புரியல. முன்னாடில்லாம் நீங்க காட்டின படத்துல நெறைய புள்ளி இருக்கும். ஒவ்வொண்ணும் நான்னு சொல்வீங்க.” அவன் புள்ளியின் மேல் இடக்கைச் சுட்டுவிரலை வைத்தான். “இது நானில்லையாம். இது நீங்கதானா?”

அட்டைப்பெட்டியில் மேலாகவே அந்த இன்னொரு வரைபடம் இருந்தது. இருநூற்றுப் பதினேழு புள்ளிகள், ஒவ்வொன்றும் அவன் வீசிய பந்து. இடமிருந்து வலமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே போயின. அதன் நடுவில் அவள் தலையசைத்த நாலரை மணிகள் ஐந்து இருந்தன. அவற்றை அவள் குறித்திருக்கவில்லை. கேமராவுக்கு அவை தெரியாது.

அவள் பெட்டியைப் பார்த்தாள். பிறகு அவன் விரலைப் பார்த்தாள்.

“ஆமா,” என்றாள். “நான்தான்.”

யோர்கிஸ் தாளை மடித்து வைத்துக்கொண்டான். காரணம் தெரிந்துவிட்டவர்களுக்கு முகத்தில் வரும் அமைதி அவனுக்கும் வந்தது. அவள் முகத்தை ஒரு கணம் கூர்ந்து பார்த்து, தலையசைத்தான்.

அவளும் தலையசைத்தாள்.